மாத்திரைக்கு ஒரு பரீட்சை

அந்தப் பரீட்சையைக் கண்டுபிடித்தவள் நான்தான். வேறு யார் தலையிலும் இதைக் கட்ட முடியாது. ஒருமுறை கட்டியும் இருக்கிறேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்தை ஒட்டியே விடுதி. நான் கல்யாணம் ஆகாதவள், தனியாக வீடு பார்த்துக் குடியிருக்கச் சோம்பல். ஆகவே வார்டன் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் நாற்பத்தெட்டுப் பெண்கள். நான் வராந்தாவில் நடந்தால் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவள்கூடப் பேச்சை நிறுத்துவாள். அதில் எனக்கு ஒரு பெருமை. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

அந்த வருஷம் தீபத் திருவிழா முடிந்த வாரத்தில் ஒரு பெண் சளிக்கு என்று பக்கத்துக் கட்டில்காரியின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு உடம்பெல்லாம் தடித்துப்போய் நின்றாள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "எந்தப் பொண்ணு கையில மருந்து இருக்கலாம், எது கையில இருக்கக் கூடாதுன்னு பார்த்து நீங்களே ஒரு முடிவு பண்ணுங்க மிஸ்" என்றார். நல்ல யோசனைதான். ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேசியிருந்தால் முடிந்திருக்கும். நான் டீச்சர் ஆயிற்றே! ஐந்து கேள்வி தயாரித்தேன். ஐந்துக்கும் பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, "ஞாயிற்றுக்கிழமை ஒப்பிக்கணும்" என்று சொன்னேன். மருந்தின் பெயர் என்ன? எந்த நோய்க்கு? எத்தனை மணிக்கு? எத்தனை? மறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்கு நான் எழுதிப்போட்ட பதில், 'உடனடியாக விடுதிக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.' ஐந்தும் சரியாகச் சொன்னால் மருந்து அவள் பெட்டியில். தப்பினால் என் அறை பீரோவில். பீரோவில் இருக்கும் மருந்தைக் காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் வரிசையில் வந்து என் முன்னால் விழுங்க வேண்டும்.

தினமும் மருந்து சாப்பிடும் பெண்கள் ஏழு பேர். மூச்சிரைப்புக்காரி ஒருத்தி ஐந்து பதிலையும் கடகடவென்று ஒப்பித்தாள், கமா விடும் இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்றவர்களை அவளுக்குக் கை தட்டச் சொன்னேன். முழுப்பரீட்சை முடிந்து அவள் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அடியில் பிரிக்காத மாத்திரைப் பட்டைகள் ஒரு கட்டு கிடந்தன. கசக்குது மிஸ் என்றாள்.

கடைசியாக வந்தவள் பிளஸ் டூ படித்த ஒரு முஸ்லிம் பெண். கீழ்பென்னாத்தூரில் அவள் அத்தாவுக்கு மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வலிப்புக்காகப் பத்து வயதிலிருந்து காலையும் ராத்திரியும் மாத்திரை சாப்பிடுகிறவள். மெலிந்த பெண். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பாள். எனக்கு அதுவே எரிச்சல்.

"மருந்து பேர் சொல்லு."

"இங்கிலீஷ் பேரு வாய்ல நுழையல மிஸ். வெள்ளையா இருக்கும், நடுவுல ஒரு கோடு. பட்டைக்குப் பின்னாடி சிகப்பா எழுதியிருக்கும். கடைக்காரர் வேற கொடுத்தா நான் வாங்கமாட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"சாப்பிட்டதும்."

"மணி கேட்டேன்."

"மணின்னு இல்ல மிஸ். சாப்பாட்டுக்கு அப்பறம். ரெண்டு வேளைக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மியா ஆகக் கூடாது, அதான்."

"மறந்துட்டா?"

"மறந்ததில்ல மிஸ்."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. கரும்பலகையில் பதில் எழுதிப் போட்டிருக்கிறேன், இவள் என்னிடமே மறந்ததில்லை என்கிறாளே, என்ன திமிர்! அவள் அதோடு விடவில்லை. "மிஸ், வலிப்பு வர்றதுக்கு முன்னாடி எனக்கு ரப்பர் கருகற வாசனை வரும், அப்ப உடனே கீழ உட்கார்ந்துடணும்" என்று ஏதோ தொடங்கினாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடி" என்று அடக்கினேன். ஐந்துக்கு ஒன்று என்று நோட்டில் எழுதினேன். அவள் மாத்திரைப் பட்டைகள் என் பீரோவுக்குப் போயின.

பொங்கல் நெருங்கும்போது நோன்பு மாதம் பிறந்தது. அவள் என் அறை வாசலில் வந்து நின்று, காலை மாத்திரையை விடியுமுன் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். "டாக்டர் லெட்டர் இல்லாம ஒண்ணும் ஆகாது" என்றேன். கொண்டுவரமாட்டாள் என்ற தைரியம். நாலாம் நாளே அவள் அத்தா பஸ் ஏறி வந்து, பள்ளிக்கூடக் கேட்டில் நின்று, டாக்டர் கடிதத்தை என் கையில் கொடுத்தார். விடியுமுன் ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று, இடைவெளி போதுமானது என்று தெளிவாக எழுதியிருந்தது.

அப்போதாவது பட்டையை எடுத்து அவளிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என் பரீட்சை என்ன ஆவது? ஒருத்திக்கு விட்டால் மற்ற பெண்கள் கேட்கமாட்டார்களா? சரி, பரீட்சை இருக்கட்டும், நானே விடியற்காலையில் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கலாமே. எனக்குத் தூக்கம் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன், உண்மையான காரணம் இதுதான். "பார்க்கலாங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். போகுமுன் மகளிடம் வேறொரு பட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. விடுதிச் சமையல்கார அம்மாவுக்குத் தெரியும். அவர்தான் ராத்திரிச் சோற்றில் ஒரு பங்கை மூடி வைத்து விடியுமுன் அவளை எழுப்பிச் சாப்பிட வைத்தவர். சாப்பிட்டதும் அந்தப் பெண் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். எட்டு மணிக்கு என் வரிசையிலும் வந்து நிற்பாள். நான் கொடுப்பதை வாங்கி, வாயில் போடுவதுபோலப் பாவனை செய்து, உள்ளங்கையில் மறைத்து எடுத்துப் போய்விடுவாள். சாயங்காலம் மசூதியில் சங்கு, அதாவது சைரன், ஊதியதும் நோன்பு திறந்து சாப்பிடுவாள், எட்டு மணிக்கு என் முன்னாலேயே நிஜமாக விழுங்குவாள். ஒரு நாளைக்கு இரண்டு, கணக்கு சரி. ஒரு நாள் தவறவில்லை. இந்தக் கூத்தையெல்லாம் ஒரு பதினேழு வயதுப் பெண் என் தூக்கத்துக்காக ஆட வேண்டியிருந்தது.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு தொடங்கிய நாள் அது. அன்றைக்கு அவளுக்கு வேதியியல். காலையில் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். செடி அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தால் மாத்திரை. பாதி கரைந்தது நாலைந்து, முழுசாக ஒன்று. நடுவில் கோடு.

கோபம் வந்தது உண்மைதான். அதற்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அகப்பட்டாயா என்ற சந்தோஷம். பதினைந்து நாளாக மருந்தே சாப்பிடாமல் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள், நான் அன்றைக்குப் போட்ட மார்க் சரிதான். எட்டு மணி வரிசையில் அவள் கையைப் பிடித்தேன்.

"வாயைத் திற."

"மிஸ், நான் காலைலயே போட்டுட்டேன் மிஸ். அத்தா கொடுத்தது. அஞ்சு மணிக்கே போட்டுட்டேன்."

"பொய் சொல்லாதே. செடி கீழ கிடக்கறது என்னது?"

"அது நீங்க கொடுத்தது. ரெண்டும் போட்டா ஜாஸ்தி ஆயிடும் மிஸ்."

சமையல்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "ஆமாம்மா, என் கண்ணு முன்னாடிதான் போட்டுக்கிச்சு. தினமும் அப்படித்தான் போடுது அந்தப் பொண்ணு" என்றார்.

"உன்னை யார் கேட்டா? நீ போய் இட்லியைப் பாரு" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நீ, வா, போ.

அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். "தண்ணி குடிச்சா நோன்பு முறிஞ்சிடும் மிஸ். இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க" என்றாள். நான் டம்ளரை அவள் வாயில் வைத்தேன். நாக்கின் மேல் மாத்திரையை வைத்து, விழுங்கும் வரை தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்டை அசைந்தது. நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், காட்டினாள். வரிசையில் இருந்த மற்ற பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதினொன்றரை மணி இருக்கும். ஆய்வுக்கூட உதவியாளர் ஓடி வந்து, "மிஸ், உங்க ஹாஸ்டல் பொண்ணு நிக்க முடியாம தள்ளாடுது" என்றார். போனேன். அவள் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பியூரெட்டில் இருந்த கரைசல் பாதியில் நின்றிருந்தது. கண் ஓரிடத்தில் நிலைக்கவில்லை, ஆடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது மிஸ். ரீடிங் எடுக்க முடியல."

வலிப்புதான் வரப்போகிறது என்று முடிவு கட்டினேன். பதினைந்து நாள் மருந்தில்லாமல் இருந்தவளுக்குக் காலையில் போட்ட ஒன்று எப்படிப் போதும்? உயிரியல் பட்டம் வாங்கியவள் யோசித்த யோசனை இது. விடுதிக்கு ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து இன்னொரு மாத்திரையை எடுத்து வந்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். நாக்கு குழறியது. "இது வலிப்பு இல்ல மிஸ். எனக்கு வாசனை வரல. இது வேற. மாத்திரை ஜாஸ்தியானதுதான்" என்றாள். நின்று யோசித்தாலும் எனக்குக் கிடைக்காத பதிலைத் தள்ளாடிக்கொண்டு சொன்னாள். "எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டேன். இதை நான் கேட்டேன். மூன்றாவது மாத்திரையையும் விழுங்க வைத்தேன்.

அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். அப்புறம் கண்ணைத் திறக்க முடியாமல் சரிந்தாள். ஆட்டோவில் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றைக்குப் பௌர்ணமிக்கு முந்தைய நாளோ என்னவோ, ரோடெல்லாம் வெளியூர் ஜனம், ஆட்டோ நகரவே இல்லை. அவள் தலை என் தோளில் கிடந்தது. அந்தக் கூட்டத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஐந்து மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அவளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். எனக்கு என்ன ஆகுமோ என்றும் பயந்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன்.

சாயங்காலம் அவள் கண் விழித்தாள். டாக்டர் சின்ன வயசுக்காரர். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எத்தனை மாத்திரைம்மா போட்டே?" என்று கேட்டார்.

"மூணு சார். அஞ்சு மணிக்கு ஒண்ணு, எட்டு மணிக்கு ஒண்ணு, பதினொன்றரைக்கு ஒண்ணு." மெல்லச் சொன்னாள், ஆனால் பிசகில்லாமல்.

"பரீட்சைக்குப் பயந்து போட்டுக்கிட்டியா? உண்மையைச் சொல்லு, திட்டமாட்டேன்."

எங்கள் ஊரில் ஒரு வயசுப் பெண் மாத்திரை அதிகமாகப் போட்டுக்கொண்டாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாகப் பார்த்தாள். அந்தப் பேச்சு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போனால் அவள் வீட்டு வாசல்வரை போகும். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. நான் கொடுத்தேன் சார், அவள் வேண்டாம் என்றாள், நான்தான் கொடுத்தேன். இவ்வளவுதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

"தெரியாம போட்டுட்டேன் சார்" என்றாள்.

என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் அவள் நினைத்திருக்கமாட்டாள். இன்னும் ஒரு மாதம் என் விடுதியில் இருந்து முழுப்பரீட்சை எழுதியாக வேண்டும், வார்டனைப் பகைத்துக்கொண்டு எப்படி இருப்பது? அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பாள். டாக்டர் எழுந்து என்னைப் பார்த்து, "ஹாஸ்டல் பொண்ணுங்க கையில மாத்திரையை விடாதீங்க மிஸ். நீங்களே வாங்கிப் பூட்டி வைங்க" என்றார்.

"சரிங்க சார்" என்றேன்.

தலைமை ஆசிரியைக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், மாணவி எனக்குத் தெரியாமல் மருந்து வைத்திருந்து அளவுக்கு மீறி உட்கொண்டாள் என்று எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தால் அதில் பாதி உண்மை. டாக்டர் கடிதத்தைப் பற்றி எழுதவில்லை. அதை நாலாய் எட்டாய்க் கிழித்து அடுப்பில் போட்டேன். சமையல்கார அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அவரை யார் கேட்டது என்று சொல்லிவிட்டேனே.

தலைமை ஆசிரியை பயந்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் போலீஸ், பேப்பர் என்று போய்விடும், பொண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதட்டும் என்றார். அவள் போட்ட கணக்கும் வீணாயிற்று. பரீட்சை நாட்களில் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். கூடப் படித்த பெண்கள் அவளைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். மாத்திரை முழுங்கினவள் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. என் காதிலேயே விழுந்தது, நான் கடந்து போனேன். பாஸ் பண்ணினாள், வேதியியலில் மட்டும் மார்க் குறைவு. நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள் என்று கேள்வி. படித்தாளா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்கு முகமில்லை.

அவள் விடுதியைவிட்டுப் போன நாளைச் சொல்லவேண்டும். அத்தா வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் செம்மண் தூசி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். படுக்கையைச் சுருட்டிக் கட்டி, டிரங்குப் பெட்டியை வராந்தாவுக்கு இழுத்து வைத்தார். அவள் தூணருகே நின்றாள்.

"மிஸ், என் மாத்திரை உங்ககிட்ட இருக்கு" என்றாள்.

பீரோவைத் திறந்து எடுத்து வந்தேன். அவள் கை நீட்டினாள். நான் அதை அவள் அத்தாவிடம் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? அவள் கையில் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியதோ என்னவோ. அவர் ஒன்றும் யோசிக்காமல் அதை மகள் கையில் வைத்தார். அவள் பட்டையைத் திருப்பிப் பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கியிருக்கமாட்டார்.

"பத்து வயசுல இருந்து தானே போட்டுக்குவா மிஸ். ஒரு நாள் தப்பினதில்ல. இப்ப ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னு கேட்டா வாயே திறக்கமாட்டேங்குது. நான்தான் புத்தி கெட்டுப்போய் இன்னொரு பட்டையைக் கொடுத்தேன், அதான் தப்பாப் போச்சு." இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "உங்களுக்குப் பெரிய தொந்தரவு கொடுத்துட்டோம். மனசுல வச்சுக்காதீங்க, மன்னிச்சுக்குங்க."

அவள் தூணைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லைங்க" என்றேன்.